கரையிலிருந்து தூண்டில்: எவ்வளவு தூரம் வீசினால் மீன் கிடைக்கும்?

வாசகர் கேள்வி, 7 செப்டம்பர் 2024

நீலாங்கரைக் கடற்கரையில் தூண்டில் போட ஆரம்பித்திருக்கிறேன். பன்னிரண்டு அடி ராடு, பெரிய ரீல், எல்லாம் புதிது. என்ன முக்கினாலும் 60 மீட்டருக்கு மேல் போக மாட்டேன் என்கிறது. யூடியூபில் 150 மீட்டர் வீசுகிறார்கள். பக்கத்தில் ஒரு பெரியவர் பிளாஸ்டிக் பாட்டிலில் சுற்றிய தூண்டில் நரம்பைக் கையால் எறிந்து கிழங்கான் மீனாக எடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு கடிகூட இல்லை. எந்த ராடு வாங்கினால் தூரம் போகும்?

8 செப்டம்பர், காலை

ராடு வாங்காதீர்கள். 60 மீட்டரே அதிகம்.

அந்தப் பெரியவர் எறிந்தது எவ்வளவு தூரம் இருக்கும்? இருபது மீட்டர், மிஞ்சினால் இருபத்தைந்து. மீன் அங்கேதான் மேய்ந்துகொண்டிருந்தது. நீங்கள் அதன் தலைக்கு மேலே வீசிவிட்டு அந்தப் பக்கம் காத்திருந்தீர்கள்.

சென்னையிலிருந்து மாமல்லபுரம் வரை பெரும்பாலான இடங்களில் கரை சட்டென்று சரியும். ஈர மணலுக்கும் அலை முதலில் உடைகிற மேட்டுக்கும் நடுவே, கரைக்கு இணையாக ஒரு பள்ளம் ஓடும். அலை மணலைக் கிளறக் கிளற அதிலிருந்து புழு, சின்ன நண்டு, இறால் குஞ்சு எல்லாம் வெளியே வந்து அந்தப் பள்ளத்தில் சேரும். கிழங்கான் வருவது அதற்காகத்தான். அதன் வாயைப் பாருங்கள், தரையில் கிடப்பதைப் பொறுக்குவதற்கென்றே அமைந்த சின்ன வாய். நடுக்கடலில் அதற்கு என்ன வேலை?

கரைக்குப் போனதும் ராடைத் தொடாமல் மணல் மேட்டில் ஏறி நின்று பத்து நிமிடம் தண்ணீரைப் பாருங்கள். வெள்ளையாக உடைகிற இடம் மேடு. உடையாமல் இருண்டு கிடக்கிற இடம் பள்ளம். இந்தப் பள்ளத்துத் தண்ணீர் எங்காவது ஓரிடத்தில் மேட்டை அறுத்துக்கொண்டு கடலுக்குத் திரும்பும். அங்கே அலை சரியாக உடையாது. நுரை, குப்பை, கலங்கல் எல்லாம் உள்ளே போய்க்கொண்டிருக்கும். அந்த வாயின் இரண்டு ஓரங்களும்தான் நல்ல இடம். இரை அந்த வழியாகத்தான் போயாக வேண்டும்.

அதே வாய்தான் குளிக்கிறவர்களை இழுத்துக்கொண்டு போவதும். தூண்டில் அங்கே போகலாம், கால் போகக் கூடாது. தவறி மாட்டினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும்.

8 செப்டம்பர், இரவு

தூண்டில் முள் அளவு கேட்டிருக்கிறீர்கள். கடையில் கொடுத்த 2/0 முள்ளைக் கழற்றி வையுங்கள். கிழங்கானுக்கு 8 அல்லது 10. எண் கூடக் கூட முள் சின்னதாகும். 1/0, 2/0 என்று சுழியோடு வருபவை மட்டும் மேலே போகப் போகப் பெரிதாகும். இந்தக் கணக்கைச் சொல்லித்தராமலேயே கடையில் பாக்கெட்டை நீட்டுகிறார்கள்.

இரைக்கு இறால் போதும். தோலை உரித்து விரல் நகம் அளவு நறுக்கிக்கொள்ளுங்கள். முழு இறாலைக் கோத்தால் நண்டும் பேத்தை மீனும் சாப்பிட்டுவிட்டு நன்றி சொல்லும்.

11 செப்டம்பர்

"கரையோரத்தில் பொடிமீன்தான் கிடைக்கும், பெரிய மீன் ஆழத்தில்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பாதி சரி.

காலா மீன் கலங்கிய அலைக்குள், முழங்கால் தண்ணீர்வரை வரும். அதன் மார்புத் துடுப்புக்குக் கீழே நூல் நூலாகத் தொங்குவது எதற்கு என்று நினைக்கிறீர்கள்? கண் தெரியாத கலங்கலில் தடவித் தேடத்தான். பாறை மீன் விடியலில் மடவைக் கூட்டத்தைக் கரையோடு சேர்த்து நெருக்கி அடிக்கும். மடவைகள் மணலில் குதித்து விழுவதைப் பார்த்திருக்கிறேன். திருக்கை காலடியிலேயே மணலுக்குள் கிடக்கும். அதனால் தண்ணீரில் இறங்கினால் காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள். அதிர்வு தெரிந்து விலகிப் போய்விடும்.

தூரம் வேண்டிய இடங்களும் உண்டு. பாக் நீரிணைக் கரைகள் பலவற்றில் வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவு தண்ணீர்தான். அங்கே வீச்சு உதவும். தூண்டில் வளைவின் (கடலுக்குள் நீட்டிக் கல் கொட்டிய தடுப்பு) நுனியில் நின்று சீலாவுக்கு லூர் (செயற்கை இரை) வீசும்போதும் தூரம் பேசும். நீலாங்கரையில் கிழங்கானுக்குத் தேவையில்லை, அவ்வளவே.

15 செப்டம்பர்

சரி, வீச்சையும் பேசிவிடலாம், மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

தூரத்தைக் கெடுப்பது பெரும்பாலும் கை இல்லை, நரம்பு. தடித்த நரம்பு காற்றில் இழுபடும், ராடு வளையங்களில் உரசும். ஸ்பூலில் (ரீலில் நரம்பு சுற்றும் உருளை) விளிம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் குறைவாக நரம்பு நிறைந்திருக்க வேண்டும். பாதி ஸ்பூலோடு வீசினால் ஒவ்வொரு சுற்றும் விளிம்பில் இடித்துக்கொண்டே போகும். மெல்லிய நரம்பை நிறைத்துச் சுற்றினாலே பத்து பதினைந்து மீட்டர் கூடிவிடும்.

ஆனால் மெல்லிய நரம்பில் கனமான ஈயத்தைக் கட்டி முழு பலத்தோடு வீசக் கூடாது. வீசும் நேரத்தில் அறுந்தால் அந்த ஈயம் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. முன்னால் தடித்த நரம்பு ஒரு துண்டு கட்டாயம் வேண்டும்: வீசத் தயாராக நிற்கும்போது அது ராடின் நீளம் முழுக்க வந்து, ரீலில் நான்கைந்து சுற்றும் இருக்க வேண்டும். 30 கிராம் ஈயத்துக்கு 10 பவுண்டு தாங்கும் நரம்பு என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் கட்டினால் 35, 40 பவுண்டு. ஞாயிற்றுக்கிழமை மாலை மெரினாவில் நூறு கிராம் ஈயத்தை வீசுகிற தம்பிகளைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. பின்னால் சுண்டல் விற்கிற பையன் நிற்கிறான்.

ஈயத்தை நரம்பில் ஓடும்படி கோத்து, அதற்குக் கீழே ஒரு சுழல் வளையம் (ஸ்விவல்), அதிலிருந்து முழம் அளவு லீடர் (முள்ளைக் கட்டும் நரம்புத் துண்டு), அதன் நுனியில் முள். மீன் இரையை எடுத்துக்கொண்டு நகரும்போது நரம்பு ஈயத்துக்குள் ஓடும், கனம் அதற்குத் தெரியாது. மணல் கரைக்கு இதைவிட வேறு ஒன்றும் அவசியப்பட்டதில்லை.

கல் கொட்டிய இடத்தில் ஈயம் சிக்கிக்கொண்டே இருக்கும். அங்கே ஈயத்தை மட்டும் பலம் குறைந்த ஒரு துண்டு நரம்பால் கட்டுங்கள். சிக்கினால் அது மட்டும் அறுந்து போகும், முள்ளும் மீனும் கைக்கு வரும். மெக்கானிக் கடையில் தூக்கிப்போடும் பழைய ஸ்பார்க் பிளக் இதற்கு நல்ல எடை. அப்புறம் ஒன்று, சின்ன ஈயக் குண்டைப் பல்லால் கடித்து நெரிக்கிற பழக்கத்தை விடுங்கள். ஈயம் உடம்புக்குள் போய்த் தங்கும்.

19 செப்டம்பர்

சூரத்தில் வேலை பார்க்கும் நண்பர் ஓத அட்டவணை (கடல் நீர் ஏறி இறங்கும் நேரக் கணக்கு) இல்லாமல் கரைப்பக்கமே போகக் கூடாது என்கிறார். அவர் நிற்கும் இடத்தில் அது வேதவாக்கு. காம்பே வளைகுடாவில் தண்ணீர் எட்டு, பத்து மீட்டர் ஏறி இறங்கும். கப்பலே தரைதட்டி உட்காரும் கரை அது.

சென்னையில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டியே ஒரு மீட்டர் சுமார்தான். அஷ்டமி வாக்கில் அதில் பாதிகூட இருக்காது. திறந்த கடற்கரையில் ஓதத்தைவிட காற்றும் நீரோட்டமும் அதிகம் தீர்மானிக்கும். என் மேசையில் ஓத அட்டவணை கிடையாது, தேதி கிழிக்கிற காலண்டர்தான். திதியைப் பார்த்தால் தண்ணீர் எவ்வளவு ஓடும் என்பது தெரிந்துவிடும். ஏற்றம் நாளுக்கு ஐம்பது நிமிடம் சுமாராகத் தள்ளிப்போகும் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

முகத்துவாரத்தில் கதை வேறு. முட்டுக்காட்டிலோ பழவேற்காட்டிலோ அந்த ஒரு மீட்டர் தண்ணீர் மொத்தமும் ஒரு குறுகிய வாய் வழியே போய்வர வேண்டும். ஆற்று ஓட்டம் போல இழுக்கும். அங்கே ஓதம்தான் எல்லாம். அதிலும் ஒரு சிக்கல்: கடலில் தண்ணீர் வற்றத் தொடங்கிய பிறகும் காயலுக்குள் ஏறிக்கொண்டே இருக்கும். உள்ளே போகப் போக அந்தத் தாமதம் கூடும். அட்டவணையை நம்பிப் போய் எதிர்ப்பக்கம் ஓடும் தண்ணீரைப் பார்த்துக் குழம்பாதீர்கள். ஒரு தேங்காய் மட்டையைத் தூக்கிப் போட்டால் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும்.

நேற்று பௌர்ணமி. இந்த இரண்டு மூன்று நாள் முகத்துவாரத்துக்குப் போகிறவர்கள் ஈயத்தின் எடையைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

20 செப்டம்பர்

நீரோட்டம் என்று சொல்லிவிட்டு விளக்காமல் விட்டுவிட்டேன். இங்குள்ள கடலோடிகள் தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதைத் தெண்டி என்பார்கள், வடக்கிலிருந்து தெற்கே வருவதை வன்னி என்பார்கள். தென்மேற்குக் காற்று காலத்தில் தெண்டி, வாடை தொடங்கினால் வன்னி. நடுவில் மாறிமாறி அடிக்கும். ஆண்டு முழுவதும் கூட்டிப் பார்த்தால் தெண்டியின் கைதான் ஓங்கும். சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு அதன் தெற்கே மெரினாவில் மணல் குவிந்ததும், வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரித்ததும் அதனால்தான்.

தூண்டிலுக்கு என்ன சம்பந்தம்? தூண்டில் வளைவின் எந்தப் பக்கம் நிற்பது என்பதை இதுதான் சொல்லும். ஓட்டம் வந்து மோதும் பக்கத்தில் இரை குவியும், ஆனால் ஈயம் நிற்காது. மறைவுப் பக்கத்தில் தண்ணீர் சுழலும். ஓட்டமும் சுழலும் உரசுகிற கோட்டில் பாறை மீனும் சீலாவும் காத்திருக்கும். அந்தக் கோடு மேலே இருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியும், ஒரு பக்கம் சிலிர்த்தும் ஒரு பக்கம் வழவழவென்றும் இருக்கும்.

28 செப்டம்பர்

தூத்துக்குடித் தம்பிக்கு: பிரெய்டு (பின்னல் நரம்பு) ஸ்பூலோடு சுற்றிக்கொண்டு வழுக்குவது ரீல் கோளாறு இல்லை. பிரெய்டு வழவழப்பு, வெறும் ஸ்பூலைப் பிடிக்காது. அடியில் ஐந்தாறு மீட்டர் சாதா நரம்பைச் சுற்றி, அதன்மேல் பிரெய்டை இணைத்துச் சுற்றுங்கள்.

முடிச்சு அவிழ்வதும் அதே காரணம்தான். நைலானுக்குப் போடும் சாதாரண முறுக்கு முடிச்சு பிரெய்டில் உருவிக்கொண்டு வந்துவிடும். முள்ளின் காதுக்குள் நரம்பை இரட்டையாகச் செலுத்திப் போடும் பாலோமர் முடிச்சு பிடிக்கும். லீடரோடு சேர்க்க எஃப்ஜி முடிச்சுதான் ஒல்லியானது, வளையங்களில் தட்டாமல் ஓடும். ஆனால் அதை வீட்டில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து பழக வேண்டும். காற்றடிக்கிற கரையில் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு போட முடியாது. கரையில் அறுந்தால் இரட்டை யூனி போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். எந்த முடிச்சானாலும் இறுக்குவதற்கு முன் எச்சிலால் நனையுங்கள். உலர்ந்த நைலான் இறுகும்போது உரசிச் சூடாகி அங்கேயே பலம் போய்விடும்.

டிராக் (மீன் இழுத்தால் ரீல் நரம்பை விடுகிற இறுக்கம்) எவ்வளவு வைப்பது என்ற கேள்விக்கு: நரம்பு தாங்கும் பலத்தில் கால் பங்கு. 10 கிலோ நரம்பென்றால் இரண்டரை கிலோ. கையால் இழுத்துப் பார்த்து இரண்டரை கிலோ என்று யாராலும் சொல்ல முடியாது. பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு வீட்டில் இருக்குமே, நரம்பு நுனியை அதில் மாட்டி, ராடை மீன் பிடிப்பதுபோல் வளைத்து வைத்து, ஒருவர் தராசைப் பிடித்து இழுக்கட்டும். ரீல் எந்த எண்ணில் நரம்பை விடுகிறது என்று பாருங்கள். முதல்முறை செய்பவர்கள் பெரும்பாலும் அதிர்ச்சி அடைவார்கள். நாம் "லேசு" என்று நினைத்து வைத்திருப்பது நான்கு கிலோவில் நிற்கும்.

3 அக்டோபர்

நேற்று மகாளய அமாவாசை, கரையில் தர்ப்பணக் கூட்டம், தூண்டில் வீச இடமே இல்லை. அதுவும் நல்லதுக்குத்தான், கேள்விகளுக்குப் பதில் எழுத நேரம் கிடைத்தது.

கெளுத்தி முள் குத்தினால் என்ன செய்வது என்பது முக்கியமான கேள்வி. முதுகில் ஒன்று, செவுளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்று, மூன்று முள். குத்தினால் வலி தோள்வரை ஏறும். இருங்கெளுத்தி இன்னும் மோசம். ஓரா மீனின் முதுகு முள்ளும், திருக்கை வாலும் இதே வகை. இந்த விஷங்கள் சூட்டில் செயலிழக்கும். தாங்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், குத்திய இடத்தை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் அமிழ்த்தி வையுங்கள். குத்துப்பட்ட கைக்குச் சூடு சரியாகத் தெரியாது. மற்ற கையால் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வெந்துபோகும். பக்கத்து டீக்கடையில் வெந்நீர் கேட்டால் கொடுப்பார்கள். ஐஸ் வைப்பது, பிளேடால் கீறுவது, சுண்ணாம்பு தடவுவது எதுவும் வேண்டாம். திருக்கை முள் ஆழமாக இறங்கியிருந்தாலோ, நெஞ்சு வயிற்றில் பட்டிருந்தாலோ நேராக மருத்துவமனை. எதுவானாலும் டெட்டனஸ் ஊசி உண்டு.

பேத்தை மீனைச் சமைத்துச் சாப்பிடலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கூடாது. அதன் விஷம் கொதித்தாலும் வறுத்தாலும் போகாது, முறிமருந்தும் கிடையாது. பூனைக்கும் போடாதீர்கள்.

16 அக்டோபர்

வானிலை மையம் சிவப்பு எச்சரிக்கை விட்டிருக்கிறது. "மழைக்குத்தான் மீன் கடிக்கும், போகலாமா" என்று இரண்டு பேர். போகக் கூடாது. கையில் இருக்கும் ராடு கார்பன், மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். வெட்டவெளிக் கரையில் பன்னிரண்டு அடிக் கார்பன் கம்பை நிமிர்த்திப் பிடித்து நின்றால் மின்னலுக்கு வேறு இடம் தேட வேண்டிய வேலை மிச்சம். தூரத்தில் இடிச் சத்தம் கேட்ட உடனே ராடைக் கீழே படுக்க வைத்துவிட்டுக் கட்டிடத்துக்குள் போங்கள்.

27 அக்டோபர்

மழை விட்டது, கொடுவா பற்றிக் கேட்கத் தொடங்கிவிட்டீர்கள். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், இதுதான் எனக்குப் பிடித்த மீன்.

கோடையில் முட்டுக்காடு, அடையாறு வாய்களை மணல் மூடிவிடும், அல்லது சுருக்கிவிடும். வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் வந்து வாயை உடைத்துத் திறக்கும். முதல் சில நாள் காப்பித் தண்ணீர்போல் ஓடும், அப்போது போய்ப் பயனில்லை. அந்த வேகம் குறைந்து, பழுப்புத் தண்ணீரும் பச்சைத் தண்ணீரும் சேருகிற இடத்தில் ஒரு கோடு விழும். தண்ணீர் வற்றும் நேரத்தில் உள்ளே இருக்கிற இறாலும் மடவைக் குஞ்சும் வெளியே அடித்துக்கொண்டு வரும். கொடுவா அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில், ஓட்டம் நேராகப் படாத மூலையில் நிற்கும். பாலத்தூண், கல், பழைய மரக்கட்டை எதுவாக இருந்தாலும் அதன் மறைவில். துரத்துகிற மீன் இல்லை இது, தன் முன்னால் வருவதை உறிஞ்சுகிற மீன்.

அதனால் லூரைப் பாய்ச்சி இழுக்காதீர்கள். மூன்று நான்கு அங்குல ரப்பர் மீனை ஓட்டத்துக்கு மேல்பக்கம் போட்டு, தானாக அடித்துக்கொண்டு வரவிட்டு, தரையைத் தட்டுகிறதா என்று மட்டும் நரம்பில் உணர்ந்துகொண்டே இருங்கள். தட்டல், தட்டல், பிறகு ஒன்றும் இல்லாமல் நரம்பு ஒரு நொடி தளரும். பல நேரம் அதுதான் கடி. பெரியது என்றால் "டப்" என்று சத்தமே கேட்கும். வாயைத் திறந்த வேகத்தில் தண்ணீரோடு உள்ளே இழுத்துவிடும். உடனே தாவும், தலையை உதறும். அப்போது ராடைத் தூக்கிப் பிடித்து நரம்பை விறைப்பாக வைத்தால் முள் கழன்று வந்துவிடும். தாவும்போது ராடு நுனியை மீனை நோக்கித் தாழ்த்துங்கள், விழுந்ததும் மறுபடி இழுங்கள்.

லீடர் 40 பவுண்டுக்குக் குறையக் கூடாது. செவுள் மூடியின் ஓரம் பிளேடு, மெல்லிய நரம்பை அறுத்துவிடும். கையை அங்கே விட்டால் உங்கள் கைக்கும் அதே கதி. கீழ்த்தாடையைக் கவ்வியால் பிடித்து, வயிற்றுக்குக் கீழே மற்ற கையைக் கொடுத்துத் தூக்குங்கள்.

உயிர் இறால் கிடைத்தால் லூரைவிட நன்று. தலையில் கொம்புக்குக் கீழே கறுப்பாக ஒரு பொட்டு தெரியும். அதைக் குத்திவிட்டால் இறால் செத்துவிடும். அந்தப் பொட்டுக்கு முன்னால், கொம்பின் அடியில் முள்ளைக் கோர்த்தால் மணிக்கணக்கில் நீந்திக்கொண்டிருக்கும்.

இன்னொன்று. கொடுவா ஆணாகப் பிறந்து, பெரிதான பிறகு பெண்ணாக மாறும் மீன். 80, 90 சென்டிமீட்டர் தாண்டியவை பெரும்பாலும் பெண், அதாவது அடுத்த தலைமுறைக்கான முட்டை முழுக்க அவற்றிடம்தான். முட்டுக்காட்டில் உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதே, இந்தியாவில் முதன்முதலாக 1997இல் கொடுவாவைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்ய வைத்தவர்கள் அவர்கள்தான். எவ்வளவு பாடுபட்டுச் செய்கிற வேலையைப் பெரிய மீன் ஒன்று அங்கே பாலத்துக்குக் கீழே சும்மா செய்துகொண்டிருக்கிறது. சாப்பிட ஒன்றரை, இரண்டு கிலோ மீன்தான் ருசியும். பெரியதைப் படம் எடுத்துவிட்டுத் திரும்ப விட்டுவிடுங்கள். சந்தை விலை எனக்கும் தெரியும், அதனால் கட்டளையாகச் சொல்லவில்லை.

2 நவம்பர்

தீபாவளிக்கு மறுநாள் கரைக்குப் போனவர்கள் நிலவரம் கேட்டார்கள். மீனைவிட பட்டாசுப் பெட்டிதான் அதிகம் மாட்டியது.

வீட்டில் ஒரு புகார்: இறாலை வாங்கி மீனுக்குப் போட்டுவிட்டு, அந்த இறாலைவிட விலை குறைந்த மீனோடு வருகிறேனாம். மறுப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, எலுமிச்சை மட்டும் தடவி, இரண்டு மணி நேரத்துக்கு முன்பு கடலில் இருந்த கிழங்கானை வறுத்தால் புகார் அத்தோடு நின்றுவிடும். அதற்கு மீன் கெடாமல் வீடு வர வேண்டும். பிடித்த உடனே செவுளை அறுத்து ரத்தம் வடியவிடுங்கள். பெட்டியில் ஐஸ் கட்டி மட்டும் போடாமல் கடல் தண்ணீரையும் கொஞ்சம் ஊற்றினால் மீனைச் சுற்றிலும் குளிர் ஒட்டும். சாக்குப்பையில் வெயிலில் போட்டு வைக்கிற பழக்கம் கானாங்கெளுத்தி, சூரை மாதிரி மீன்களில் ஆபத்து. வெயிலில் அதில் ஹிஸ்டமின் ஊறும், சமைத்தாலும் போகாது, முகம் சிவந்து தடிப்பு வரும்.

எண்ணூர் மீனைச் சாப்பிடலாமா என்றும் கேள்வி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு அங்கே கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்ததை எல்லோரும் பார்த்தோம். நான் அங்கே போடுவதில்லை. அடையாறு வாயிலும் பிடித்தால் விட்டுவிடுவேன். அந்தக் கரைகளை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு இப்படித் தேர்ந்தெடுக்கும் வசதி இல்லை என்பதும் தெரிந்ததுதான்.

10 நவம்பர்

மேலே முள்ளைப் பற்றி எழுதியதில் ஒரு சேர்க்கை. வட்ட முள் (நுனி உள்பக்கம் வளைந்தது) பற்றி முன்பு எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. இப்போது இரை வைத்து ராடைத் தாங்கியில் நட்டுவிட்டு உட்காருகிற எல்லா நேரமும் அதுதான் கட்டுகிறேன். மீன் விழுங்கினாலும் வயிற்றில் மாட்டாமல் வாய் ஓரத்துக்கு வந்து பிடிக்கும். திரும்ப விடுகிற மீன் பிழைக்கும். ஒரே நிபந்தனை: கடித்ததும் வெட்டி இழுக்கக் கூடாது. ராடு வளையட்டும், மெதுவாகச் சுற்றத் தொடங்குங்கள், தானாக மாட்டும். வெட்டி இழுத்துப் பழகிய கைக்கு இது பெரிய தவம். கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொள்வது ஒரு வழி.

வீசும்போது இரை பறந்துபோகிறது என்று சொன்னவருக்கு: பூக்கட்டும் நூல். இறால் துண்டை முள்ளில் கோத்து, வால் பக்கத்தை நரம்போடு சேர்த்துப் பிடித்து, நூலை எட்டு பத்து சுற்று நெருக்கமாகச் சுற்றி, முடிச்சுப் போடாமல் கடைசிச் சுற்றுக்கு அடியில் நுனியைச் செருகி இழுத்துவிடுங்கள். கணவாய் என்றால் பட்டையாக நீளவாக்கில் வெட்டிக் கோருங்கள், அது தானே பிடித்துக்கொள்ளும். கரையில் இரையை நண்டு தின்னும் நாட்களில் கணவாய்தான் தாக்குப்பிடிக்கும்.

30 நவம்பர்

ஃபெஞ்சல் புயல் இன்று கரையைக் கடக்கிறது. தூண்டில் பேச்சே வேண்டாம். அலை எப்படி இருக்கிறது என்று பார்க்கக்கூடப் போகாதீர்கள். படகுகளை மேட்டுக்கு ஏற்ற ஆள் கேட்டால் அதற்குப் போங்கள்.

8 டிசம்பர்

புயலுக்குப் பிறகு கரையே மாறிவிட்டது. கோவளம் பக்கம் எனக்குப் பழக்கமான மேடு இருந்த இடத்தில் இப்போது பள்ளம். பழைய இடத்தில் போய் நின்று "இங்கேதானே கிடைத்தது" என்று வீசிக்கொண்டிருக்காமல், மறுபடி பத்து நிமிடம் தண்ணீரைப் பாருங்கள்.

புயல் இல்லாவிட்டாலும், காற்றே இல்லாத நாளிலும் பெரிய அலை வரும். தெற்குப் பெருங்கடலில் எங்கோ கிளம்பி நாட்கணக்கில் பயணம் செய்து வருவது. கன்னியாகுமரிப் பக்கம் கள்ளக்கடல் என்பார்கள். இரண்டு அலைக்கு நடுவில் இடைவெளி நீளமாக இருக்கும், கடல் அமைதியாகத் தெரியும், திடீரென்று ஒரு வரிசை வந்து பாறை மேல் ஏறும். 2024 மே மாதம் அங்கே ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது இப்படி ஒரு நாளில்தான். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் மையம் இதற்கு முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது. தூண்டில் வளைவுக் கற்களில் ஏறுகிறவர்கள் கிளம்பும் முன் அதைப் பாருங்கள். கல் ஈரமாக இருந்தால் அலை அங்கே வந்திருக்கிறது என்று அர்த்தம், அதற்குக் கீழே நிற்கக் கூடாது.

ரீல் கரகரக்கிறது என்று புகார் வரிசையாக வருகிறது. வீட்டுக்கு வந்ததும் குழாயை முழு வேகத்தில் திறந்து அடித்தால் உப்பு உள்ளேதான் போகும். டிராக்கை இறுக்கி மூடி, தண்ணீரை லேசாகத் தெளித்து, துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். உலர்ந்த பிறகு டிராக்கைத் தளர்த்தி வையுங்கள், இறுக்கியே விட்டால் உள்ளே இருக்கும் வட்டுகள் நசுங்கி ஒட்டிக்கொள்ளும். அறுந்த நரம்பைக் கரையில் போடாமல் சுருட்டி எடுத்து வாருங்கள். ஜனவரியிலிருந்து ஆமை முட்டையிட ஏறும், அதன் துடுப்பில் சுற்றினால் அறுத்துக்கொள்ள அதற்குக் கை கிடையாது.

14 டிசம்பர்

ராமேசுவரம் போகிறவருக்கு. அங்கே உங்களுக்கு ஒரு சௌகரியம், இரண்டு கடல். இப்போது வாடைக் காற்று என்பதால் பாக் நீரிணைப் பக்கம் கலங்கி அலையடிக்கும், மன்னார் வளைகுடாப் பக்கம் ஓரளவு அடங்கியிருக்கும். ஜூன், ஜூலையில் போனால் இது தலைகீழ். தனுஷ்கோடிச் சாலையில் ஒரு பக்கம் சரியில்லை என்றால் மறுபக்கம் நடந்து பார்த்துவிடலாம். சாயங்காலத்துக்குள் அங்கிருந்து வெளியேறச் சொல்லிவிடுவார்கள், இரவுத் திட்டம் போடாதீர்கள்.

படகு எடுத்துத் தீவுகளுக்குப் போகும் யோசனையைக் கைவிடுங்கள். தூத்துக்குடி முதல் ராமேசுவரம் வரையான 21 தீவுகளும் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா, 1986 முதல். யாராவது "நான் கூட்டிப்போகிறேன்" என்று சொன்னாலும் வேண்டாம். பாம்பன் சாலைப் பாலத்தில் நின்று வீசுவதும் வேண்டாம், பின்னால் பேருந்து போகும், வீச்சுக்குப் பின்னால் முள் எங்கே போகிறது என்று பார்க்க இடம் இல்லை.

பவளமும் பாறையும் உள்ள தரை, அதனால் ஸ்பார்க் பிளக் நாலைந்து எடுத்துக்கொள்ளுங்கள். இறாலை இங்கிருந்து ஐஸில் சுமக்க வேண்டாம். காலையில் பாம்பனில் படகு வந்ததும் சின்னக் கணவாய் வாங்கிவிடுங்கள்.